மேடு வருது, அத்தான்

இன்று காலையிலிருந்து என் கையை விட்டு ஒரு வாடை போக மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அக்கா எலுமிச்சம்பழத் தோல் கொடுத்தாள், அதையும் உரசிப் பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பர் எண்ணெயின் வாடை, அத்தான். நம்ம வீட்டு வண்டியின் பின்பக்க ஷாக் இரண்டும் ஒழுகிவிட்டன. சேவியர் பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கழற்றி ஒன்றை என் கையில் கொடுத்தான். "மாமா, இது செத்துப்போச்சு" என்றான். அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கிறது, திரும்பி எழும்பவில்லை. மேலெல்லாம் உப்புத் துரு. அதை வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வெகுநேரம் நின்றேன். இதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் நம்ம துறைமுகத்துக்கு இன்றைக்கு நான்தான் சேர்மன் என்று எத்தனையோ தடவை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். "ஏலே மாப்ளே, அதுல பாதியைக் கழி" என்பீர்கள். பாதியைக் கழித்தால் என்ன வரும் என்று கேட்டால், "கேட்டுல வாட்ச்மேன்" என்பீர்கள். நான் எதைச் சொன்னாலும் உங்களிடமிருந்து முதலில் வரும் பேச்சு அதுதான். ஒரு தடவை கப்பலிலிருந்து இறக்கும்போது கயிறறுந்து விழப்போன கண்டெய்னரை நான் தோள் கொடுத்துத் தடுத்த கதையைச் சொன்னேன். "பாதியைக் கழி" என்றீர்கள். "சரி அத்தான், அரைக் கண்டெய்னர்" என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

அந்த வண்டி உங்கள் ஆசை. அரபு நாட்டில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு நீங்கள் டிரைவர். குளிர் காலம் வந்தால் அவர்கள் வீட்டையே வண்டிக்குள் வைத்துப் பாலைவனத்துக்குக் கிளம்புவார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ்கூட. அவ்வளவு பெரிய வண்டியை மணலில் அலுங்காமல் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவது நீங்கள். அவர்கள் உள்ளே படுப்பார்கள். நீங்கள் டயர் ஓரமாகப் பாய் விரித்துப் படுப்பீர்கள். காலையில் பாயை உதறினால் தேள் விழும் என்று நீங்கள் சொன்னதை நான் ஊரில் பாம்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"எனக்குன்னு ஒண்ணு கட்டணும்லே. கட்டி, அதுல நான் உள்ள படுக்கணும்." ஒவ்வொரு லீவிலும் இதைச் சொன்னீர்கள். கடைசியாக ஊருக்கு வந்தபோது செய்தும் காட்டினீர்கள். ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்து, உள்ளே கட்டில் போட்டு, ரெட்டை அடுப்பு வைத்து, கூரை மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றி, பின்கதவை முழு அகலத்துக்குத் திறக்கிற மாதிரி வெட்டி மாட்டினீர்கள். படுத்தபடியே வெளியே பார்க்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. அக்கா பூப்போட்ட திரை தைத்தாள். நான் மேற்பார்வை. வெல்டிங் வைத்தவன் இன்றைக்கும் என்னைத்தான் என்ஜினீயர் என்று கூப்பிடுகிறான்.

வேளாங்கண்ணிக்கு ஒரு பயணம், மணப்பாட்டுக்கு ஒரு பயணம். அதற்குள் முதுகு வலி வந்துவிட்டது.

டிரைவர் முதுகு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தைலம் தேய்த்தோம், பெல்ட் கட்டினோம். பிறகு படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு பெயர் சொன்னார். எலும்பெல்லாம் பரவிவிட்டது என்றார். அந்தப் பெயரை நம்ம வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. 'முதுகு' என்றே சொல்லிவந்தோம். முதுகுக்கு மாத்திரை, முதுகுக்கு ஊசி, முதுகுக்குப் பூசை. ஒரு நாள் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் இங்கே கொண்டுவர வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியது. உங்கள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எதைச் சொன்னாலும் பெருக்கிச் சொல்கிற எனக்கு அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். பின்மூலையில் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி விட்டேன். நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடும். நம்ம வண்டி கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம்தான் கீழவைப்பாருக்குப் போக வேண்டும் என்று சொன்னீர்கள். பிறந்த ஊர். கடற்கரையில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டீர்கள்.

"ஆம்புலன்ஸ் சொல்லட்டா அத்தான்?"

"ஆம்புலன்ஸ்ல போய் எறங்குனா செத்துட்டேன்னு நெனச்சு ஒப்பாரி வச்சிருவாளுவ. நான் எழும்பி இல்லன்னு சொல்லணும். என் வண்டியிலதான் போவேன். ஷாக்கை மட்டும் மாத்து."

"நல்லதா வாங்கிருதேன்."

"நல்லது வேண்டாம்லே. ரீகண்டிஷன் வாங்கு. சீல் மாத்தி எண்ணெய் ஊத்தி வச்சிருப்பான். வேன்ல இருந்து கழட்டுனதான்னு கேளு. பழசு சாப்டா இருக்கும். வெலையும் கம்மி."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல உங்களால் முடியவில்லை. நடுவில் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

கடைக்குப் போனேன். நான் போய் நின்றதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சி எழுந்து நாற்காலி கொடுத்தார். சரி, ஸ்டூல். மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று கம்பெனிச் சரக்கு. வேனுக்கென்றே செய்தது. யானை விலை குதிரை விலை, அதுவும் மதுரையிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது நீங்கள் சொன்ன ரீகண்டிஷன், வேனில் இருந்ததுதான். பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி வைத்திருந்தார்.

"இது எத்தன நாள் ஓடும் அண்ணாச்சி?"

"ஒரு மாசம் ஓடும், ரெண்டு மாசம் ஓடும். பெறவு ஒழுகும். ஒழுகுனா எங்கிட்ட வரப்படாது."

மூன்றாவது லோடு வண்டிக்கு உள்ளது. கை படாத புதுசு. உப்பு ஏற்றுகிற ஒருத்தர் சொல்லிவைத்துவிட்டு வாங்காமல் போனது. நம்ம வேனுக்கும் அந்த லோடு வண்டிக்கும் அடிச்சட்டம் ஒன்று என்பதால் அப்படியே பொருந்தும். யாரும் எடுக்காததால் விலையை இறக்கியிருந்தார். அதோடு இரண்டு வருஷம் கியாரண்டி.

கடையில் நின்றுகொண்டே உங்களுக்குப் போன் போட்டேன்.

"ரீகண்டிஷன் ஒரு மாசம்தான் தாங்குமாம் அத்தான்."

"எனக்கு ஒரு மாசம் ஓடுனா போதும்லே" என்றீர்கள். "அதுக்கு மேல ஓடி என்ன செய்ய?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கடை வாசலில் லாரிக்காரர்கள் சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் யாரிடம் யோசனை கேட்டாலும் கனத்தைத்தான் சொல்வான். கரி ஏற்றுகிறவன், கண்டெய்னர் இழுக்கிறவன், உப்பு அடிக்கிறவன், எல்லோருக்கும் வண்டி என்றால் பாரம்தான். எவ்வளவு தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். ஒருத்தன் லோடு ஷாக்கைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, எதுக்கு யோசிக்கீய? இத மாட்டுனா வண்டி மேல கப்பலையே தூக்கி வைக்கலாம்." இன்னொருத்தன், "ரெண்டு வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றான்.

அந்த இரண்டு வருஷம் என்ற பேச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு மாசச் சரக்கை அந்த மேசையிலிருந்து என் கையால் எடுக்க முடியவில்லை, அத்தான். எடுத்தால் நானும் அந்த டாக்டரும் ஒன்று என்று ஆகிவிடும். லோடு ஷாக்கைக் கட்டச் சொன்னேன். அண்ணாச்சியிடம் பேரம் பேசி அந்த விலையையும் பாதியாகக் குறைத்தேன். நீங்கள் கூட இருந்திருந்தால் அந்தப் பாதியிலும் பாதியைக் கழித்திருப்பீர்கள்.

சேவியர் மாட்டினான். வண்டியின் பின்பக்கம் கம்பீரமாக எழும்பி நின்றது. உங்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம் போட வேண்டும் என்று அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தேன். துறைமுகம் போகிற ரோட்டில் ஓட்டினேன். முதல் பள்ளத்திலேயே பின்னால் தொம்மென்று ஒரு சத்தம்.

"மாதாவே!"

பலகையில் தலை இடித்து, நெற்றி புடைத்து, அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, நல்லா இருக்கிற என்னையே தூக்கி அடிக்கு. அவுகள இதுலயா படுக்கப் போடப் போற?"

வீட்டுக்கு வந்தோம். நீங்கள் கட்டிலில் படுத்தபடியே எங்களுக்காகக் காத்திருந்தீர்கள்.

"எப்படிலே ஓடுது?"

"கப்பல் மாதிரி அத்தான்."

"எந்தக் கப்பல்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அக்கா குனிந்து நெற்றியைக் காட்டினாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு முதுகில் போய் இறங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தீர்கள். மறுபடி பேசும்போது குரல் பழைய டிரைவர் குரலாக இருந்தது.

"லோடு வண்டிச் சாமானை வாங்கி மாட்டிட்டியா?"

"ரெண்டு வருசம் கியாரண்டி அத்தான்."

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஏன் வாங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. "சரி, காலி லாரிதாம்லே குதிக்கும். லோடு ஏத்துனா குதிக்காது. அது கேக்கிற கனத்தை அதுக்குக் குடு" என்றீர்கள்.

இப்போது ஊரில் எல்லோருக்கும் அது என் யோசனை என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் உப்பு என் யோசனைதான். மணலை மூட்டை கட்டினால் எங்கே அள்ளினாய் என்று போலீஸ்காரன் கேட்பான். நம்ம ஊரில் உப்பு மூட்டை ஏற்றிய வண்டியை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். உப்பளம் வைத்திருக்கிற என் கூட்டாளியிடம் வாங்கி வந்து, கட்டிலைக் கழற்றிவிட்டு, மூட்டைகளைத் தரையில் நெருக்கிப் பரப்பி, அதன்மேல் பலகை, பலகை மேல் மெத்தை. திரும்ப அதே ரோட்டில் அக்காவைப் படுக்க வைத்து ஓட்டினேன். அதே பள்ளம். வண்டி மெதுவாக முங்கி எழுந்தது. கடலில் மிதக்கிற வல்லத்தில் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. அவளுக்குப் பெருக்கிப் பேசத் தெரியாது.

சேவியரும் நானும் போர்வையோடு தூக்கி உங்களை ஏற்றினோம். இரண்டு ஆள் வேண்டியிருந்ததே தவிர, தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நீங்கள் மெத்தை ஓரமாகக் கையை இறக்கி மூட்டையைத் தடவிப் பார்த்தீர்கள்.

"என்னலே இது, உப்பா? கருவாடு போடப் பாக்கியா என்னை?"

"சீலாக் கருவாடு அத்தான். நல்ல வெலைக்குப் போவும்."

"நெத்திலிக்கு உள்ள எடைகூட இல்லியேலே இப்ப."

அக்கா திரையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சட்டம் போட்டீர்கள். "மேடு பள்ளம் வந்தா முன்னாலயே சொல்லு. நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு 'ம்' சொல்லுவேன். அதைக் கேட்ட பெறவுதான் பிரேக்கை விடணும். கேக்காம விட்டேன்னா எறங்கி வந்து அடிப்பேன்."

"எறங்கி வந்தா சந்தோசம்தான் அத்தான்" என்றேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டுவிட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவன் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பின்னால் வந்த உப்பு லாரிகள் ஆரன் அடித்துத் தள்ளின. நான் அசையவில்லை. "மேடு வருது, அத்தான்" என்பேன். பின்னாலிருந்து "ம்" வரும். பிரேக்கை விடுவேன். முன்சக்கரம் ஏறி இறங்கும், பிறகு பின்சக்கரம், உப்பு ஒரு தடவை அமுங்கி எழும். "செரிதாம்லே" என்பீர்கள். தருவைகுளம் தாண்டியபோது நீங்கள் கேட்டீர்கள்.

"இந்த ஷாக்கை வாங்கும்போது அண்ணாச்சிகிட்ட என்ன லோடுன்னு சொன்ன?"

"விலை மதிக்க முடியாத லோடுன்னு சொன்னேன்."

"பாதியைக் கழி."

"பாதியைக் கழிச்சாலும் அதான் அத்தான்."

கண்ணாடியில் பார்த்தேன். நீங்கள் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு விட்டீர்கள்.

வேப்பலோடை தாண்டி, குளத்தூர் தாண்டி, வைப்பாற்றுப் பாலம் தாண்டி, ஊருக்குள் திரும்பினோம். குருசடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். படுத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டீர்கள். கை நெற்றி வரை போகவில்லை, அக்கா பிடித்துக் கொண்டுபோனாள். பிறகு கடற்கரை. வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்திக் கதவை முழுசாகத் திறந்தேன். நீங்கள் அளந்து வெட்டிய கதவு. படுத்தபடியே மணலும் வல்லங்களும் தண்ணீரும் உங்களுக்கு முன்னால் கிடந்தன.

உங்களோடு சின்ன வயசில் கடலுக்குப் போனவர் ஒருத்தர் முதலில் வந்தார். கதவில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"என்னலே, வீட்டையே தூக்கிட்டு வந்துட்ட? பொண்டாட்டி வெரட்டி விட்டுட்டாளா?"

"அவளும் உள்ளதாம்ல இருக்கா. ரெண்டு பேரையும் சேத்து வெரட்டிட்டானுவ."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் ஒரு வல்லத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் வரவில்லை. ஆட்கள் ஒருத்தர் ஒருத்தராக வந்து போனார்கள். யாரும் முதுகைப் பற்றிக் கேட்கவில்லை. மீன்பாடு குறைந்துவிட்டதைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசினார்கள். ஒரு வீட்டிலிருந்து ஊளி மீன் சாறு கொண்டுவந்தார்கள். அக்கா ஒரு கரண்டி நாக்கில் விட்டாள். அதை வாயிலேயே வைத்திருந்தீர்கள்.

வல்லங்கள் கரையேறி, வலையெல்லாம் உதறி முடித்த பிறகு நான் டயர் ஓரமாக மணலில் படுத்திருந்தேன். மேலேயிருந்து உங்கள் குரல் வந்தது.

"ஏலே, நீ எங்க இருக்க?"

"டயர்கிட்ட அத்தான்."

"தேள் இருக்கும், பாத்துக்கோ." கொஞ்சம் பொறுத்து, "நான் உள்ள படுத்திருக்கேம்லே" என்றீர்கள்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஊர்த் திருப்பத்தில் சொன்னேன், "ம்" வந்தது. பாலத்து முகப்பில் சொன்னேன், வந்தது. குளத்தூர் பள்ளிக்கூடத்து மேட்டில் கொஞ்சம் தாமதித்து வந்தது, மூச்சோடு சேர்ந்து. தூங்கிவிட்டு எழுந்து சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். தூங்கினால் நல்லதுதானே. பல நாளாக உங்களுக்குத் தூக்கமே கிடையாது.

வேப்பலோடை வந்தது. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர்.

"மேடு வருது, அத்தான்."

பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தேன். பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஆரன் அடித்தது. திரும்பவும் சொன்னேன். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி என்னைத் திட்டினான். என் வண்டி நகரவில்லை. நீங்கள் போட்ட சட்டம் அது. கண்ணாடி எனக்கு நேராகத்தான் இருந்தது. நான் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து "ம்" என்று வந்தது.

அக்காவின் குரல்.

அவள் இடுப்பில் வளர்ந்தவன் நான். எனக்கு அவள் குரல் தெரியாதா? தொண்டையைத் தணித்து, கனமாக, உங்களை மாதிரியே சொன்னாள். பிரேக்கை விட்டேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரத்தை அதைவிட மெதுவாக ஏற்றி இறக்கினேன்.

அதற்குப் பிறகும் மேடுகள் இருந்தன. ஒன்றையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, "மேடு வருது, அத்தான்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" சொன்னாள். தருவைகுளம், பிறகு டவுன், பிறகு ரயில்வே கேட். கேட்டில்தான் ரொம்பநேரம் நின்றேன். அங்கே அவள் குரல் உடைந்து வந்தது. ஆனாலும் வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பிய பிறகு அக்கா சொன்னாள்:

"எறங்குலே. இனி சொல்ல வேண்டாம்."

உங்கள் கையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எங்கே வைத்துப் போனீர்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஊரில் நான் சொல்லும் கதையில் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி போனீர்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். அக்கா அந்தக் கதை நடக்கும்போது உள்ளே போய்விடுவாள்.

வண்டியை விற்கவில்லை. ஒரு நாள் நம்ம தெருவில் ஒருத்தருக்கு முதுகில் ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது, கேட்டார்கள். உப்பு மூட்டை மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். அலுங்கவில்லை என்று அவர் வெளியே சொல்ல, படுக்கையாகக் கிடக்கிற ஆட்கள் வீட்டிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். விளாத்திகுளத்திலிருந்துகூட வருகிறார்கள். மதுரை வரைக்கும் போயிருக்கிறேன். லண்டனிலிருந்தும் கேட்டார்கள். சரி, கழித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட ஒரு மாசத்தையும் தாண்டி அந்த ஷாக் உழைத்தது. கியாரண்டி சொன்ன இரண்டு வருஷமும் உழைத்தது. நீங்கள் அதில் போனது ஒரே ஒரு பகல்.

இப்போது ஒழுகிவிட்டது. ஷாக்கைக் கழற்றியதும் சேவியர் அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். மழைக் காலத்தில் உப்பு நனைந்து கசிந்து, தரைத் தகட்டை அரித்துவிட்டிருக்கிறது. கட்டை விரலை அழுத்தினால் உள்ளே போகிறது. "இனியும் உப்பை வச்சிருந்தா வண்டியே உக்காந்துரும் மாமா" என்றான். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "எறக்கிருலே. அது அவுக கட்டுன வண்டி" என்றாள்.

பட்டறைக்கு அவளும் வந்தாள். மெத்தையை எடுத்தோம், பலகையை எடுத்தோம். மூட்டையெல்லாம் இறுகிக் கல்லாகிக் கிடந்தன. கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்த மூட்டையில் உங்கள் முதுகு பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது, அத்தான். உங்களுக்குப் பிறகு எத்தனையோ பேர் அதன்மேல் படுத்திருக்கிறார்கள். நடுவில் பலகை வேறு இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் முதுகுதான் அது. அக்காவிடம் காட்டினேன். இல்லை என்று சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அதில் கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

பிறகு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் லோடு ஷாக்கை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க சரக்கு புதுசா வந்திருக்கு, மூணு வருசம் கியாரண்டி."

"ரீகண்டிஷன் இருக்கா அண்ணாச்சி? வேன்ல இருந்து கழட்டுனது. சாப்டா இருக்கணும்."

"இருக்கு. ஒரு மாசம் ரெண்டு மாசம்தான் ஓடும், தெரியும்லா? ஒழுகுனா..."

"ஒழுகுனா திரும்ப வந்து வாங்கிக்கிடுதேன்."

இந்த நேரம் சேவியர் அதை மாட்டிக்கொண்டிருப்பான். தகட்டுக்கும் ஒட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். கட்டிலைப் பழைய இடத்திலேயே வைக்கப் போகிறோம். நாளைக்கு இடுப்பு முறிந்த ஒரு பெரியவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும். அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இதுவரைக்கும் எழுதியதில் எப்போதும் போலப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி எழுந்து நின்றதை, பேரம் பேசியதை, லண்டனை, மூட்டையில் இருந்த பள்ளத்தையும் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். வேப்பலோடையில் கேட்ட அந்த 'ம்' மட்டும் முழுசு. அதில் கைவைக்காதீர்கள்.

வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் உங்கள் சட்டத்தைச் சொல்லித்தான் கிளம்புகிறேன். பெயர் எதுவாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, என் வாயில் வருவது அத்தான்தான். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பின்னாலிருந்து பதில் வருகிறவரை என் கால் பிரேக்கில்தான் இருக்கும்.